உண்ண மறுத்த பல்லிகளுக்காக உழைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். மீட்கப்பட்டு எங்கள் பராமரிப்புக்கு வந்த லெப்பர்ட் கெக்கோ என்னும் வளர்ப்புப் பல்லிகளில் பெரும்பாலானவை இப்போது தாமாகவே இரையைத் துரத்திப் பிடித்து உண்கின்றன. சில பிழைக்கவில்லை. இரண்டு செய்திகளையும் ஒருசேரச் சொல்லிவிட்டே நன்றி கூறத் தொடங்குகிறேன்; பிழைத்தவற்றுக்காக உழைத்த அதே கைகள்தாம் பிழைக்காதவற்றுக்காகவும் உழைத்தன.

இந்தப் பல்லிகள் தம் கொழுப்பை வாலில் சேமித்து வைப்பவை என்பதும், இரை கிடைக்காத காலத்தில் அந்தக் கொழுப்பைக் கரைத்தே உயிர் வாழ்பவை என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். நலமாக உள்ள ஒன்றின் வால் ஏறத்தாழ அதன் கழுத்தளவுக்குப் பருத்திருக்கும். எங்களிடம் வந்தவற்றுள் பலவற்றின் வாலோ குச்சியாக வற்றிப்போயிருந்தது. இடுப்பெலும்பு தோலுக்கடியில் துருத்திக்கொண்டிருந்தது. கண்முன்னே புழு நெளிந்தாலும் அவை தலையைத் திருப்பிக்கொண்டன. அந்த நிலையில் ஓர் உயிரைப் பார்க்கும் எவருக்கும் அதன் வாயைத் திறந்து எதையாவது ஊட்டிவிட வேண்டும் என்றே கை பரபரக்கும்.

ஆகவே என் முதல் நன்றி, "இன்றைக்கு உணவு வேண்டாம்" என்று உறுதியாகச் சொன்ன கால்நடை மருத்துவருக்கு. ஊர்வனவற்றின் உடல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே போதிய அளவு உண்டாக்கிக்கொள்வதில்லை என்பதால், குளிர்ந்து கிடக்கும் பல்லியின் குடலில் போய்ச் சேரும் இரை செரிக்காமல் அங்கேயே கெட்டுப்போகும் என்றும், நீர் வற்றிய உடலுக்கு உணவைவிட நீரே முதலில் தேவை என்றும் அவர் எங்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கினார். எச்சத்தோடு வெளியேறும் யூரேட் என்னும் சிறுநீர்க் கழிவு வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டியது. எங்கள் பல்லிகளுக்கு அது மஞ்சளாக இறுகிப்போயிருந்ததைக் காட்டி நீரிழப்பின் அளவைப் புரியவைத்தார். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவைக் கொடுத்தால், இன்சுலின் சுரந்து இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ள, உணவு கிடைத்த பிறகே உயிர் போகும் அபாயமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பட்டினியில் வாடி விடுதலையான கைதிகளிடம் மருத்துவர்கள் கண்ட அதே கொடுமை இது. முதலில் சூடு, அடுத்து நீர், அதன் பின்னரே உணவு, அதுவும் மிகக் குறைந்த அளவில் என்று அவர் வகுத்துக் கொடுத்த வரிசைதான் பல உயிர்களைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தச் சூட்டைச் சீராக அமைத்துக் கொடுத்த நண்பருக்கு அடுத்த நன்றி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களைத் தாயகமாகக் கொண்ட இந்த இனம், அந்தி சாய்ந்த பின் வெளியே வந்து, பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் கல்லில் வயிற்றை அணைத்துச் சூடேற்றிக்கொள்ளும் பழக்கமுடையது. எனவே பெட்டியின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையிலும், மறுபக்கம் 24 முதல் 26 டிகிரி வரையிலும் இருக்கும்படி அவர் ஒவ்வொரு பெட்டியையும் அமைத்தார். வெப்பப் பாயை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இணைத்தால் அது பல்லியின் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும் என்பதால், உணர்முனைகள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். சுவரில் ஒட்டிய வெப்பமானி காற்றின் சூட்டைக் காட்டுமேயன்றி பல்லி படுக்கும் இடத்தின் சூட்டைக் காட்டாது என்று சொல்லி, தரையை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை எங்களிடம் விட்டுச் சென்றதும் அவரே. உண்ணாத பல்லி என்றதும் பலர் மருந்தைத் தேடுகிறார்கள். முதலில் தரையின் சூட்டை அளந்து பார்க்க வேண்டும் என்பதை நான் இனி யாரிடமும் சொல்லத் தவற மாட்டேன்.

தங்கள் வீட்டுப் பெட்டிகளை இரவலாகத் தந்தவர்களே, உங்கள் உதவியின் பயன் உங்களுக்கே முழுதாகத் தெரிந்திருக்காது. இவை எல்லாம் ஒரே தொட்டியில் நெருக்கியடித்து வாழ்ந்தவை. அப்படி வாழும்போது வலியவை சூடான மறைவிடத்தைப் பிடித்துக்கொள்ள, மெலிந்தவை குளிர்ந்த மூலையில் ஒதுங்கி, அச்சத்தாலேயே இரையை நெருங்காமல் இருந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தரையில் வெறும் காகிதம், சூடான பக்கத்தில் ஒரு மறைவிடம், குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, தோலுரிக்க உதவும் ஈரப்பாசி வைத்த இன்னொன்று என்று கிடைத்தவுடனே, வேறெந்த மருத்துவமும் இல்லாமல் சில பல்லிகள் இரையைத் தேடத் தொடங்கிவிட்டன.

மற்றவை தொடங்கவில்லை. அங்கேதான் உண்மையான வேலை இருந்தது.

பசியின்மை ஒரு நோயன்று, பல நோய்களின் பொதுவான அறிகுறி என்பதை மறவாமல், பிடிவாதம் என்றோ சோம்பல் என்றோ எந்தப் பல்லியையும் ஒதுக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் தேடிய மருத்துவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது? எக்ஸ்ரேயில் ஒன்றின் குடலில் மணல் அடைத்திருந்தது தெரிந்தது. கால்சியமும் டி3 வைட்டமினும் போதாமல் இன்னொன்றின் தாடை எலும்பு மென்மையாகிப்போயிருந்தது. அதற்கு உண்ண விருப்பம் இருந்தும் கடிக்க வலுவில்லை. அதன் வாயை வலிந்து திறந்திருந்தால் தாடையே முறிந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது, பொறுத்திருந்ததன் மதிப்பு எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. ஒரு பெண் பல்லியின் வயிற்றுத் தோலின் வழியே முட்டைகள் தெரிந்தன. முட்டையிடும் காலத்தில் உணவைக் குறைப்பது அவற்றின் இயல்பே என்பதால், ஈரமான முட்டைப்பெட்டி ஒன்றை வைத்துவிட்டு, கால்சியத்தைக் கவனித்தபடி காத்திருக்கச் சொன்னார். அது இரண்டு முட்டைகளை இட்டபின் உண்ணத் தொடங்கியது.

கண் சரியாகத் தெரியாமல் பட்டினி கிடந்த பல்லியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது புழுவைக் கண்டு பாயும். ஆனால் ஒவ்வொரு முறையும் புழுவுக்குப் பக்கத்தில் வெறும் தரையைக் கவ்வும். சில முறைக்குப் பின் சோர்ந்து திரும்பிவிடும். எங்கள் குறிப்பேட்டில் அது உண்ண மறுக்கும் பல்லி என்றே பதிவாகியிருந்தது. மாலை நேரப் பணியில் இருந்த இளம் தன்னார்வலர் ஒருவர்தான், அது மறுக்கவில்லை, குறி தவறுகிறது என்று கவனித்து எழுதினார். வீட்டுப் பல்லிகளுக்கு இல்லாத இமை இந்த இனத்துக்கு உண்டு; ஈரம் போதாத இடத்தில் தோலுரிக்கும்போது பழைய தோல் அந்த இமைக்கடியில் தங்கிப் படலம் படலமாகச் சேர்ந்துவிடும், ஏ வைட்டமின் குறைவு அதை மேலும் மோசமாக்கும். மருத்துவர் உப்புநீர்க் கரைசலால் கண்ணை நனைத்து, பொறுமையாக ஊறவைத்து, அந்தப் படலத்தை எடுத்தார். அதன்பின் அந்தப் பல்லி குறி தவறாமல் கவ்விய முதல் புழுவைக் கண்டு அந்த அறையில் இருந்தவர்கள் மகிழ்ந்த மகிழ்ச்சியை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. அந்த இளைஞருக்கு என் தனிப்பட்ட வணக்கம்.

ஊட்டும் பொறுப்பை ஏற்ற தன்னார்வலர்களே, உங்கள் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். மருத்துவர் அளவிட்டுக் கொடுத்த கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, மூக்கின் நுனியில் ஒரு துளி மட்டும் தடவி, பல்லி அதைத் தானாக நக்கும்வரை காத்திருந்து, நக்கி முடித்தபின் அடுத்த துளியைத் தடவி, அது தலையைத் திருப்பினால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். நாக்கின் வேர்ப்பகுதியில்தான் அதன் மூச்சுக்குழல் வாய் இருக்கிறது என்பதால், அவசரப்பட்டு வாய்க்குள் பீய்ச்சினால் கூழ் நுரையீரலுக்குப் போய்விடும். அந்த அச்சத்தை மனத்தில் வைத்து நீங்கள் ஒவ்வொரு துளியாகச் செய்த வேலையை வேறெந்தக் கருவியும் செய்திருக்க முடியாது.

பூச்சி வளர்க்கும் நண்பருக்கு நான் பட்ட கடன் பெரிது. பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்துக்கு மேல் இரை பருமனாக இருக்கக் கூடாது என்பதற்காக, சில்வண்டுகளையும் டூபியா கரப்பான்களையும் அளவுவாரியாகப் பிரித்து அனுப்பினார். இரையின் வயிற்றில் இருப்பதே பல்லிக்கும் சத்து என்பதால், 24 மணி நேரத்துக்கு முன்பே அவற்றுக்கு நல்ல கீரையும் காய்கறியும் கொடுத்து வைத்திருப்பார். அப்போதுதான் தோலுரித்த வெண்ணிற மாவுப்புழுக்களைத் தனியே பொறுக்கி எடுத்துத் தந்ததுதான் எனக்கு மிகவும் வியப்பானது. அவற்றின் ஓடு இறுகாமல் மென்மையாக இருப்பதால், வலுவற்ற தாடையுடைய பல்லியும் அவற்றை மென்று விழுங்கிவிட்டது. உண்ணாமல் விட்ட சில்வண்டுகளை இரவோடு இரவாக எடுத்துவிடச் சொன்னதும் அவர்தான், ஏனெனில் நலிந்து கிடக்கும் பல்லியை அவை கடித்துவிடும்.

நாள்தோறும் எடை பார்த்துக் குறித்தவர்கள் செய்தது வெளியே தெரியாத வேலை. 50 கிராம் எடையுள்ள பல்லி 5 கிராம் இழந்தால் அது உடலில் பத்தில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்து அதை அறிய முடியாது. எந்தப் பல்லியை உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்ய எங்களுக்கு இருந்த ஒரே உறுதியான துணை, நீங்கள் எழுதிய அந்த எண்கள்தாம்.

இவற்றை முன்பு வைத்திருந்தவருக்கும் நன்றி சொல்ல விரும்புகிறேன். தம்மால் இயலவில்லை என்று ஒப்புக்கொண்டு ஒப்படைத்ததோடு, இவை இதுவரை எந்த இரையை உண்டு பழகின, எவை ஒன்றாக இருந்தன, எது எப்போதிலிருந்து உண்ணவில்லை என்பதையெல்லாம் அவர் மறைக்காமல் சொன்னார். பழகிய இரையிலிருந்தே தொடங்க முடிந்தது அதனால்தான். அவரைக் குறைகூறிப் பேசுவோரிடம் நான் உடன்படவில்லை.

இனி, பிழைக்காதவற்றைப் பற்றி. இரை உண்டும் எடை கூடாமலும், பின்னர் உண்பதையே நிறுத்தியும் மெலிந்துகொண்டே போன சில பல்லிகளின் எச்சத்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி எல்லா நாளும் எச்சத்தில் வெளிப்படுவதில்லை என்பதால், ஒரு முறை இல்லை என்று வந்த முடிவோடு நின்றுவிடாமல் ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையை மீண்டும் மீண்டும் செய்து உறுதிப்படுத்திய பரிசோதனைக் கூடத்தினருக்கு என் நன்றி. சிறுகுடலைத் தாக்கும் இந்த ஒட்டுண்ணியை முற்றிலும் அகற்றும் என்று நம்பத்தக்க மருந்து எதுவும் இல்லை. பாரோமோமைசின் என்னும் மருந்து அதன் அளவைக் குறைக்கலாம், அவ்வளவே. குடல் தேய்ந்து எதையும் ஏற்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட பல்லிகளை வலியின்றி உயிர் பிரியச் செய்வதென்ற முடிவை, எங்கள் தோளில் மட்டும் சுமத்தாமல், உடனிருந்து பேசி, கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லி, தம் கையாலேயே செய்து முடித்த மருத்துவரை நான் என்றும் மறக்க மாட்டேன். தனிமைப்படுத்திய அறையில் பணியாற்றியவர்கள், நலமான பல்லிகளைக் கவனித்து முடித்த பின்பே அங்கு நுழைந்து, அங்கிருந்த ஓர் இடுக்கியைக்கூட வெளியே கொண்டுவராமல் காத்த ஒழுங்கினால், நோய் மற்ற அறைகளுக்குப் பரவவில்லை.

இரவல் தந்தவர்களுக்கு ஒரு செய்தி. பொது அறையில் பயன்படுத்திய பெட்டிகளும் தராசுகளும் தூய்மை செய்யப்பட்டு உங்களிடம் திரும்பி வரும். தனிமை அறையில் இருந்தவை திரும்பி வாரா. அந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கூடுகள் வெளுப்புத் தூளுக்கு அசைந்துகொடுப்பதில்லை. கொதிநீரில் இட்டு எடுக்கக்கூடிய தட்டுகளையும் கிண்ணங்களையும் அவ்வாறே செய்து எங்களிடம் வைத்துக்கொண்டு, மரத்தாலான மறைவிடங்களையும் சூடு தாங்காத நெகிழிப் பெட்டிகளையும் அழித்துவிட்டோம். இதைக் கேட்டதும் "பெட்டி போனால் போகட்டும்" என்று மறுபேச்சின்றிச் சொன்ன உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

என்றும் நன்றியுடன்,
பல்லிகளின் பராமரிப்பாளர்