2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் மன்றத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏரிகளையும் ஏரிக்கரைக் கோயில்களையும் பார்க்கப் போகிறவர்கள் என்று செங்கல்பட்டில் நம்மை அடையாளம் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கு ஏற்றபடி ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை நாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்வது என் கடமை.

இந்த ஆண்டில் செயற்குழு ஏழு முறை கூடியது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அக்டோபரில் காலமானார். கொளவாய் ஏரிக்கரையில் விடிகாலையில் அவரோடு நடக்காதவர்கள் இங்கே குறைவு. அறிக்கை முடிந்ததும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

இனிப் பயணங்கள். ஜூன் 16 அன்று கொளவாய் ஏரியில் காலை நடை. தினமும் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஏரிதானே என்று பலர் வரவில்லை. வந்தவர்கள் நீர்க்காகமும் முக்குளிப்பானும் பார்த்தார்கள்.

ஜூலை 21 அன்று மாமண்டூர். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதுபற்றிச் செயற்குழுவுக்கு எழுத்தில் புகார் வந்தது. நாம் போனது காஞ்சிபுரத்துக்குத் தெற்கே தூசி பக்கம் இருக்கும் மாமண்டூர். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகள் இருக்கிற ஊர். ஜி.எஸ்.டி. சாலையில் பாலாற்றை ஒட்டி, வெளியூர்ப் பேருந்துகள் டீக்கு நிற்கிற மாமண்டூர் வேறு. சுற்றறிக்கையில் "தூசி மாமண்டூர்" என்றுதான் அச்சிட்டிருந்தோம். இருந்தும் இரண்டு குடும்பங்கள் காரில் அந்த மாமண்டூருக்குப் போய் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து திரும்பிவிட்டன. குழந்தைகளோடு வெயிலில் நின்றதற்காக உண்மையிலேயே வருந்துகிறேன். ஆனால் பயண விவரத்தைக் கடைசி வரை படிக்காமல், புறப்படும் நேரத்தில் போனும் எடுக்காமல் இருந்தால் செயலாளர் என்ன செய்ய முடியும் என்பதையும் யோசிக்க வேண்டுகிறேன். இனி ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் வரைபடம் இருக்கும்.

அவர்கள் பார்க்காமல் விட்டது மிகப் பெரிது. சின்னக் குன்று, அதன் முகத்தில் நான்கு குடைவரைகள், ஒன்றில் சிதைந்துபோன நீண்ட பல்லவ கிரந்தக் கல்வெட்டு. குன்றின் மேலே ஏறினால் கீழே ஏரி விரிந்து கிடக்கிறது. சித்திரமேகத் தடாகம் என்பது அதன் பழைய பெயர். பாறையைக் குடைந்தவனும் ஏரியை வெட்டியவனும் ஒரே அரசன். அந்த இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கும்போது மனதில் ஏற்படுவதை நான் சொல்லிப் புரியவைக்க முடியாது. அங்கே நிற்க வேண்டும்.

ஆகஸ்ட் 18 அன்று உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழனின் காலம், 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரித்து, ஓலையில் பேரெழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அதுவரை எல்லோருக்கும் தெரியும். நான் அன்று எல்லோரையும் சுவரருகே நிறுத்திச் சொன்னது வேறு: அப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்குப் போனார்கள். அவர்கள் வேலையே ஏரியைப் பார்த்துக்கொள்வதுதான். ஒரு முறைக்கு 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது. 1,100 ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஊர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி இது. அங்கிருந்து ஊர் ஏரிக்குப் போனோம். வயிரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் சொல்கிற ஏரி அது. வயிரமேகன் பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயர். தூர் வாரவென்றே பொருள் கொடுத்து வைத்த கல்வெட்டுகளும் அந்த ஊரில் உண்டு. கரையில் இறங்கி நடந்தவர்கள் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். மற்றவர்கள் வேனில் இருந்தார்கள்.

அக்டோபர் 20 அன்று மதுராந்தகம். ஏரி காத்த ராமரைத் தரிசித்து, கலெக்டர் லியோனல் பிளேஸ் பெயர் பொறித்த கல்வெட்டைப் பார்த்து, ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிகிற கலங்கல் வரை போய்த் திரும்பினோம். வில்லோடு இரண்டு பேர் கரையைக் காவல் காத்ததை அந்தத் துரை மழையில் கண்டார் என்ற கதையைப் பட்டாச்சாரியார் அழகாகச் சொன்னார்.

டிசம்பர் 1 அன்று போவதாக இருந்த வீராணம் பயணத்தை ஃபெஞ்சல் புயலால் தள்ளி வைத்தோம். முந்தின இரவுதான் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த நிலையிலும் "முன்பணம் போய்விடுமே, போய்விட்டு வரலாம்" என்று சிலர் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. வண்டிக்காரர் முன்பணத்தில் பாதியைத்தான் திருப்பித் தந்தார். அந்த நஷ்டத்துக்கு நானே பொறுப்பு என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும், ஆனால் அந்த முடிவு சரியானது.

ஜனவரி 19 அன்று வேடந்தாங்கல். இதற்கு மட்டும் வேன் நிரம்பியது. கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன் எல்லாம் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டியிருந்தன. பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து அந்த ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய், 1798இல் எழுத்தில் உரிமை வாங்கி வந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. 2022இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததற்கு நாம் பெருமைப்படுகிறோம், சரி. அதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்தவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

பிப்ரவரி 16 அன்று வீராணம் போய்வந்தோம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பார்த்த அதே பராந்தகன், அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் ஏரிக்கும் காட்டுமன்னார்கோயில் பெருமாளுக்கும். அவன் மகன் இராசாதித்தன் படையோடு தங்கியிருந்தபோது வெட்டுவித்தது என்று சொல்வார்கள். அவன் 949இல் தக்கோலப் போரில் இறந்துபோனான். ஏரி இன்றும் இருக்கிறது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது, முழு உயரம் 47.5 அடி. 2004 முதல் சென்னையும் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. இதைக் கரைமேல் நின்று சொன்னபோது சென்னையில் வேலை பார்க்கிற நம் உறுப்பினர் ஒருவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

இப்போது சிற்றேரிகளைப் பற்றி நான் எழுதிவருகிற ஏரி ஏடு பற்றி. இது செயலாளரின் சொந்த ஆசை, மன்றத்தின் வேலை இல்லை என்று ஜூலைக் கூட்டத்தில் ஒரு கருத்து வந்ததால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். பெரிய ஏரிகளைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. சிற்றேரிகளுக்கு யார் இருக்கிறார்கள்? ஓர் ஏரிக்கு ஒரு தாள் என்று நான் வைத்திருக்கிறேன். ஊரார் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள், வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, கலங்கல் வழிந்தால் தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகிறது, மதகு எத்தனை, ஒவ்வொரு மதகின் பெயர் என்ன, கரையில் ஐயனாரா கன்னிமாரா, கல்வெட்டோ தனிக்கல்லோ உண்டா, என்ன பறவை வருகிறது. இதுவரை 14 ஏரிகள் முடிந்திருக்கின்றன. அதில் ஒன்பது ஏரிகளுக்கு நான் தனியாக இரு சக்கர வாகனத்தில் போனேன். பெட்ரோலுக்கு மன்றத்திடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. தாள், ஜெராக்ஸ், ஒரு நாடா அளவுகோல், இவ்வளவுதான் மன்றக் கணக்கில் எழுதியது.

இதற்கு என்ன பயன் என்கிறீர்கள். ஒரு சிற்றேரியில் நீர் வற்றிய மே மாதத்தில் போனேன். கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஏரிக்குள்ளே இரண்டு கல்தூண்கள் நின்றன. ஏதோ இடிந்த மண்டபம் என்று நினைத்து, பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "அது குமிழித்தூம்புங்க. எங்க தாத்தா முங்கிப் போய்த் திறப்பாரு" என்றார். தூணுக்கு நடுவே இறங்கும் கல்லடைப்பைத் தூக்கினால் நீரோடித் துளை வழியாகத் தெளிந்த தண்ணீர் போகும், அடியில் சேறோடித் துளைகள் வழியாக வண்டலும் போகும், இரண்டும் சேர்ந்து கரைக்கடியில் ஓடி வயலுக்குப் போய்விடும். வாசித்து எனக்குத் தெரிந்திருந்ததுதான், ஆனால் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அந்த ஏரியில் நான்கு மதகுகளுக்கும் அவர் பெயர் சொன்னார். அவருடைய பேரனுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. டிசம்பரில் திரும்பப் போனபோது அந்தப் பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். அவர் சொன்ன நான்கு பெயரும் இப்போது எழுத்தில் இருப்பது நம் ஏட்டில் மட்டும்தான். இது மன்றத்தின் வேலை இல்லை என்றால் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

இதோடு சேர்ந்ததுதான் கரையில் நடக்க வேண்டும் என்ற என் பிடிவாதமும். வேனை விட்டு இறங்கி, படம் எடுத்து, மறுபடி ஏறிவிட்டால் ஏரியைப் பார்த்ததாகாது. கலங்கலில் தொடங்கிக் கடைசி மதகு வரை நடந்தால்தான் ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் தாழ்ந்து கிடக்கிற வயலும் ஏன் அப்படி அமைந்தன என்பது காலுக்கே புரியும். சீமைக்கருவேலம் எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது, எந்த இடத்தில் மண் கொட்டி மேடாக்கிக்கொண்டே போகிறார்கள் என்பதெல்லாம் நடக்கிறவருக்குத்தான் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தியதே இல்லை. எனக்கும் முழங்கால் வலி உண்டு.

சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் வருகையையும் சந்தாவையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதிவேட்டில் 64 பேர் இருக்கிறோம். ஆண்டுச் சந்தா 600 ரூபாய். மார்ச் 31 வரை செலுத்தியவர்கள் 41 பேர். பாக்கி 23 பேரில் ஆறு பேருக்கு இது மூன்றாவது ஆண்டு. பெயர் வாசிக்கப்போவதில்லை. அவர்கள் வீட்டுக்கு நான் நான்கு முறை போயிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன். காபி கொடுத்து அன்பாகத்தான் பேசி அனுப்பினார்கள். அப்புறம் பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பது. மாமண்டூருக்கு 27 பேர் பெயர் கொடுத்தார்கள், வேனில் ஏறியவர்கள் 12 பேர். முதல்நாள் இரவு பத்து மணிக்கு மேல் "நாளைக்கு முடியாது சார்" என்று செய்தி வருகிறது. வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் 27 பேருக்குச் சொல்லியாகிவிட்டது. மீந்த சாம்பார் சாதத்தை அந்த ஊர்ப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், அதுவரை நல்லது. பணம் மன்றத்துடையது.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியாக வைத்திருக்கிறார், விரும்புகிறவர்கள் பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால் வரவு சந்தாவும் பயணக் கட்டணமும், செலவு பெரும்பாலும் வண்டி வாடகை. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, ஆனால் கடன் இல்லை. இரண்டு ரசீதுகள் மட்டும் வர வேண்டியிருக்கின்றன.

தலைவர் அவர்களுக்கும் துணைத்தலைவர் அவர்களுக்கும் நன்றி. கணக்கைப் பொறுமையாக எழுதிய பொருளாளருக்கு நன்றி. கூடத்தை வாடகை இல்லாமல் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஒவ்வொரு பயணத்திலும் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சாப்பாடு கட்டிய மகளிர் அணிக்கும் நன்றி. உத்திரமேரூரில் என்னோடு கரையில் நடந்த அந்த எட்டுப் பேருக்கும் தனியாக என் நன்றி.

வரும் ஆண்டில் கங்கைகொண்டசோழபுரம் போக உத்தேசம். கோயிலோடு திரும்பாமல், இராசேந்திரன் வெட்டிய சோழகங்கத்தையும் பார்க்க வேண்டும். பொன்னேரி என்று இன்று சொல்கிறார்கள். கங்கை வரை வென்றதற்கு நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. ஒரு நாளில் முடியாது, ஓர் இரவு தங்க வேண்டும். அதற்கு வண்டி முன்பணம் ஜூலைக்குள் கட்ட வேண்டும். இன்றைய கையிருப்பில் அது முடியாது.

செயலாளர் பொறுப்பில் இது எனக்கு ஐந்தாவது ஆண்டு. வேறொருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். ஏரி ஏட்டை மட்டும் யாராவது இரண்டு பேர் என்னோடு சேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை போதும், வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து, பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கோடையில் நீர் வற்றும்போது இன்னும் ஆறு ஏரிகளைப் பார்த்துவிடலாம். ஏடு வாசல் மேசையில் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது. பொருளாளர் சாப்பாடு முடிகிற வரை அங்கேயே இருப்பார்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.

செயலாளர்