தமிழ்ப் புத்தகம் வாங்குவதற்கு முன்

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் கூடும்போது வீட்டில் சும்மா கிடக்கிற, பிள்ளைகள் தமிழ் படிக்கிற புத்தகங்களைக் கொண்டு வாருங்கள், மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் ஆன்லைனில் விலை உயர்ந்த செட் எதையும் வாங்கிவிடாதீர்கள், பாதிக்கு மேல் ஸ்டிக்கர்தான். அரசுப் பாடநூல்கள் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன; 2022-இல் வந்த தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று எளியதிலிருந்து நிலை பிரித்திருப்பதால், எட்டு வயதாகியும் எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளைக்கு வகுப்பைப் பார்க்காமல் அரும்பிலிருந்தே தொடங்கலாம், தப்பே இல்லை. கதைக்கு ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளம் போதும், முதல் நிலையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். அப்புறம், தமிழ் எழுத இரட்டைக் கோடு நோட்டு, நாலு கோடு வேண்டாம். ஏற்காட்டுக்காரர்கள் மலையில் சிக்னல் கிடைக்காமல் இவற்றை இறக்க முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், பிரிண்ட் எடுத்து வைக்கிறோம்.