மருத்துவர் கடிதத்துக்கு முன்பே கைகொடுத்தவர்களுக்கு நன்றி

பினாங்கு, ஆயர் ஈத்தாமிலும் சுற்று வட்டாரத்திலும் வாழும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் மகனுக்கு நான்கு வயது நடக்கிறது. அவனுக்கு ஆட்டிசம், அதாவது பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலை, இருக்கிறதா என்பதை முழுமையாக ஆராய்ந்து சொல்ல வேண்டிய சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் நாள் இன்னும் வரவில்லை. அரசு மருத்துவமனையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். தனியாரிடம் போனால் விரைவில் முடியும் என்று தெரியும். அந்தக் கட்டணம் எங்கள் வருமானத்துக்குள் அடங்காது. முடிவு தெரிந்த பிறகு எல்லாருக்கும் சேர்த்து நன்றி சொல்லலாமே என்று என் கணவர் கேட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. முடிவு தெரியட்டும் என்று நீங்கள் யாரும் உதவியைத் தள்ளிப் போடவில்லை. நன்றியை மட்டும் நான் ஏன் தள்ளிப் போட வேண்டும்?

முதல் நன்றி எங்கள் பகுதி சுகாதார கிளினிக்கின் தாதி அக்காவுக்கு. குழந்தைகளுக்கு 18 மாதத்திலும் மூன்று வயதிலும் அரசு கிளினிக்குகளில் ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று பார்க்கும் எம்-சாட் என்ற வினாத்தாளைப் பெற்றோரை நிரப்பச் சொல்வார்கள். ஆம், இல்லை என்று குறித்துவிட்டுப் போகும் தாள். அவசரமாக நிரப்பினால் சில நிமிட வேலைதான். அந்த அக்கா அப்படி விடவில்லை. மூன்று வயதுச் சோதனைக்குப் போனபோது, மகன் விரல் நீட்டிக் காட்டுவானா என்ற கேள்விக்கு நான் ஆம் என்று சொல்லவும், நிறுத்தி, தமிழில் விளக்கிக் கேட்டார். “பிஸ்கட் வேண்டும் என்று காட்டுவது வேறு. வானத்தில் விமானம் போகிறது, நீயும் பார் என்று காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்வானா?” நான் யோசித்துப் பார்த்தேன். பாயான் லெப்பாஸ் பக்கம் இறங்கும் விமானங்களை அவன் தலை சாய்த்து மணிக்கணக்கில் பார்ப்பான். என்னைப் பார்க்கச் சொன்னதில்லை. பிஸ்கட் வேண்டும் என்றாலும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், என் கையை அலமாரி மேல் வைப்பான்.

இந்தத் தாள் ஒரு சல்லடை மட்டுமே, இதை வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது என்று அக்கா அன்றே தெளிவாகச் சொன்னார். கிளினிக் மருத்துவர் சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் எழுதியதோடு நிற்காமல், செவித்திறன் சோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் அப்போதே தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும் அல்லவா? காது நன்றாகக் கேட்கிறது. ஆட்டிசத்தைக் கண்டறிய இரத்தச் சோதனையோ ஸ்கேனோ கிடையாது, குழந்தையின் நடத்தையையும் வளர்ந்த விதத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதையும் அந்த மருத்துவரிடம்தான் தெரிந்துகொண்டோம். பெற்றோரின் கவனிப்பும் குறிப்பும் எவ்வளவு முக்கியம் என்பது அதன் பிறகே விளங்கியது.

அதே தாதி அக்காவுக்கு இன்னொரு கடனும் பட்டிருக்கிறேன். மகனுக்குப் பேச்சு வராததற்குத் தடுப்பூசிதான் காரணம் என்று உறவில் சிலர் அடித்துச் சொன்னார்கள். மகளுக்கு அப்போது ஊசி போட வேண்டிய மாதம். பயந்து போய் அக்காவிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்துதான் அந்தப் பயம் பரவியது, 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளிலும் அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மகளுக்கு உரிய நாளில் ஊசி போட்டோம்.

தாய் கொஞ்சி வளர்க்காததால் இப்படி ஆகிவிட்டது என்ற பேச்சையும் கேட்டேன். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மருத்துவர்தான் சொன்னார். லியோ கேனர் என்ற மருத்துவர் 1943இல் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு, தாயின் பாசக் குறைவே காரணம் என்று மருத்துவ உலகிலேயே சிலர் பல ஆண்டுகள் நம்பினார்களாம். அந்தக் கருத்து தவறென்று கைவிடப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த விளக்கத்துக்காக மட்டுமே அவருக்கு ஆயுள் முழுவதும் நன்றி சொல்லலாம்.

செவித்திறன் சோதனைக்காகக் காத்திருந்த வரிசையில் அறிமுகமான மலாய்த் தோழி ஒருவருக்கு அடுத்த நன்றி. அவருடைய மகனுக்குப் பத்து வயது. இந்தப் பாதையில் எங்களுக்கு முன்னால் நடந்தவர். ஒரு கோப்பு வாங்கி எல்லாத் தாள்களையும் தேதி வரிசைப்படி அடுக்கச் சொன்னார். மருத்துவரின் அறையில் குழந்தை வீட்டில் இருப்பது போல் இருக்க மாட்டான், எனவே சாப்பிடும்போது, விளையாடும்போது, அழும்போது சிறு சிறு காணொளிகளாக எடுத்து வைக்கச் சொன்னார். யாராவது வராமல் போனால் அந்த நேரத்தை எங்களுக்குத் தரும்படி மருத்துவமனையில் கேட்டு வைக்கச் சொன்னதும் அவர்தான். மாற்றுத்திறனாளி அட்டைக்கு மருத்துவரின் உறுதிக் கடிதம் வேண்டும், அதைச் சமூகநல இலாகாவில் கொடுக்க வேண்டும், சில தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன என்று பின்னால் வரப்போகும் வேலைகளையும் விளக்கினார். அட்டை வரும்வரை சும்மா இருக்காதீர்கள் என்று அழுத்திச் சொன்னதுதான் அவர் செய்த பேருதவி.

பேச்சுப் பயிற்சியாளர் ஒரு சீனப் பெண்மணி. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மூன்று மொழிகள் குழந்தையைக் குழப்பும் என்று எங்களுக்குப் பலர் ஆலோசனை சொல்லியிருந்தார்கள். என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. நிறுத்தினால் பாட்டியும் பேரனும் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள்? அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசமுள்ள குழந்தைகளின் பேச்சு மேலும் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை, நீங்கள் எந்த மொழியில் சிரிப்பீர்களோ கொஞ்சுவீர்களோ அதில் பேசுங்கள் என்றார். தமிழ் தெரியாத அவர், ‘வா’, ‘போதும்’, ‘இன்னும்’ என்ற சொற்களை என்னிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை போனபோது அவற்றையே அவனிடம் சொன்னார். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் கற்றுக் கொடுத்தவை எல்லாம் எளியவை, செலவில்லாதவை. அவன் எதிரில், அவன் கண் மட்டத்தில் தரையில் உட்கார வேண்டும். அவன் என்ன விளையாடுகிறானோ அதில் நாமும் சேர வேண்டும், நம் விளையாட்டுக்கு அவனை இழுக்கக் கூடாது. நீளமாகப் பேசாமல் ஓரிரு சொல்லில் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஆனால் ஏழு, எட்டு என்று எண்ணும்போதுதான் அவன் முகம் மெல்லத் திரும்பும்.

இதில் எங்கள் எல்லாரையும்விட என் மாமியார் தேர்ந்துவிட்டார். ‘அவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான், எல்லாம் தானாக வரும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். ஆனாலும் பயிற்சியாளர் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு, முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தார். மகன் பொம்மைக் காரைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பான். அத்தை இன்னொரு காரைக் கவிழ்த்து அதே போல் சுழற்றுவார். அவன் நிறுத்தினால் இவரும் நிறுத்துவார். ஒரு நாள் அவன் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, பாட்டியும் நிறுத்துகிறாரா என்று நிமிர்ந்து பார்த்தான். நிறுத்தியிருந்தார். அவன் சிரித்தான். மறுபடி சுழற்றி, மறுபடி நிறுத்தி, மறுபடி நிமிர்ந்து பார்த்தான். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் கரண்டியைக் கீழே வைக்கவே மறந்துவிட்டேன்.

பிறகு அத்தை பாட்டுக்கு மாறினார். கைவீசிப் பாடும் பழைய பாட்டைப் பாடிக்கொண்டே வந்து, அடியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிடுவார். வாயைத் திறந்து, புருவத்தை உயர்த்தி, காத்திருப்பார். வாரக்கணக்கில் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அத்தை சலித்துக்கொள்ளவில்லை. இப்போது அந்த ஒரு சொல்லை அவன்தான் சொல்கிறான். சில நாள் சொல்வான், சில நாள் சொல்ல மாட்டான். அத்தை, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

முடிதிருத்தும் அண்ணனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மின்கத்தரியின் சத்தம் கேட்டாலே மகன் காதைப் பொத்திக்கொண்டு உடல் விறைத்துப் போவான். இது பிடிவாதம் என்றே பலரும் நினைக்கிறார்கள். சத்தம், ஒளி, தொடுதல் ஆகியவற்றை இத்தகைய குழந்தைகளின் புலன்கள் வேறு விதமாக உணரலாம். 2013இல் திருத்தப்பட்ட மருத்துவ வரையறையில் அதையும் ஓர் அடையாளமாகச் சேர்த்திருக்கிறார்கள். அண்ணனுக்கு இந்த வரையறை எல்லாம் தெரியாது. அவன் நடுங்குவதைப் பார்த்தார், அவ்வளவுதான். ஆள் வராத காலை நேரத்தில் கூட்டி வரச் சொன்னார். முதல் முறை கடை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினோம். அடுத்த முறை உள்ளே வந்து நாற்காலியில் ஏறி இறங்கினான். அதற்கடுத்து அணைத்து வைத்த மின்கத்தரியைக் கையில் கொடுத்து, அவன் திருப்பித் திருப்பிப் பார்க்கும்வரை அண்ணன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வானொலியை நிறுத்தி, மின்விசிறியைக் குறைத்து, அப்பாவின் மடியில் உட்கார வைத்து, வெறும் கத்தரிக்கோலால் ஒரு பக்கம் மட்டும் வெட்டினார். அதற்கு மேல் அவன் தாங்கவில்லை. “முடி எங்கேயும் ஓடிப் போகாது, தங்கச்சி. மறுபக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். சில நாள் கழித்து மறுபக்கத்தை வெட்டினார். எத்தனை முறை போனாலும் ஒரு முடிவெட்டுக்கான காசைத்தான் வாங்கிக்கொண்டார். கூடுதலாக நீட்டிய நோட்டை மகனின் சட்டைப் பையிலேயே செருகி அனுப்பினார்.

பாலர்பள்ளி ஆசிரியைக்கு நன்றி. முதலில் நாங்கள் போன வேறோர் இடத்தில், மருத்துவர் கடிதத்தைக் கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று கதவை மூடிவிட்டார்கள். நீங்கள் கேட்ட ஒரே கேள்வி, அவனுக்கு எது பிடிக்கும் என்பதுதான். விமானம் என்று சொன்னேன். மறுநாளே அவன் நாற்காலியில் விமானப் படம் ஒட்டியிருந்தது. செருப்புத் தட்டு, கை கழுவும் குழாய், பாய், சாப்பாட்டு மேசை, வீட்டு வாசல் என்று உண்மையான இடங்களையே படம் பிடித்து அட்டைகளாக்கி, வரிசையாகச் சுவரில் ஒட்டினீர்கள். ஒன்று முடிந்ததும் அந்த அட்டையை அவனே எடுத்து உறைக்குள் போட வேண்டும். அடுத்து என்ன என்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகு அவன் அழுகை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ‘அவனுக்குச் சத்தம் வலிக்கும்’ என்று மற்ற பிள்ளைகளிடம் நீங்கள் சொல்லி வைத்ததால், இப்போது அந்தப் பிஞ்சுகளே ஒருவரை ஒருவர் அடக்குகிறார்கள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை போகும் சாலையில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்த தம்பிமார்களுக்கும் நன்றி. உங்கள் பெயர் தெரியாது. பால்குட வேண்டுதல் இருந்ததால் அவனை விட்டுவிட்டு வர முடியவில்லை. காது மூடி போட்டும் அவன் உங்கள் ஒலிபெருக்கிக்கு எதிரில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உங்களில் ஒருவர் அவனைப் பார்த்ததும் ஓடிப்போய் பாட்டை நிறுத்தினார். இன்னொருவர் கூட்டத்தை விலக்கி வழிவிட்டார். பிள்ளையை ஏன் இப்படி வளர்க்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. மோர் கொடுத்து அனுப்பினீர்கள். முருகன் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கும் நன்றி. எங்கள் கதவு திறந்திருந்தால் எந்நேரமும் வந்து சொல்கிறார். மின்தூக்கிப் பக்கம் மகன் தனியாகப் போனதைப் பார்த்துத் தடுத்தவரும் அவரே. இரவு வேலையை மாற்றிக்கொண்டு கிளினிக் நாட்களில் கூட வரும் என் கணவருக்கு வீட்டிலேயே சொல்லிவிட்டேன்.

இன்னும் நாள் வராமல் காத்திருக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் பல இருப்பதை அறிவேன். ஆசிரியை செய்த அட்டைகளின் நகல் ஒரு கட்டு எங்களிடம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் படங்களை எடுத்து அதே போல் செய்துகொள்ள நான் உதவுகிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கடிதம் எதுவும் கொண்டு வர வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நன்றியுடன்,
ஒரு தாய்
ஆயர் ஈத்தாம், பினாங்கு