‘தடுக்கும்’ என்று தலைப்புப் போடும் முன்

தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் நலவாழ்வுப் பக்கம் பார்க்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பத்திரிகைத் துண்டு இன்னும் ஒட்டியிருக்கிறது: ‘கேழ்வரகு பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்கும்’. வெட்டி ஒட்டியவர் என் பெரியண்ணன். மலத்தில் ரத்தம் போன எட்டு மாதமும் அதை மூலம் என்றே நினைத்துக்கொண்டு, துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, காலையில் கூழ் என்று ஓட்டினார். டாக்டரிடம் போகலாம் என்றால், “நான்தான் நார்ச்சத்து சாப்பிடுறேனே” என்பார். கடைசியில் கொலனோஸ்கோபி செய்தபோது கட்டி குடலை முக்கால்வாசி அடைத்திருந்தது. கேழ்வரகின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வினைமுற்றின் மேல்தான்.

நார்ச்சத்துக் கதை பழையது. உகாண்டாவில் வேலை பார்த்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், ஆப்பிரிக்கக் கிராமங்களில் பெருங்குடல் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு அவர்கள் உணவின் நார்ச்சத்தே காரணமாகலாம் என்று 1971இல் எழுதினார். 2003இல் வந்த எபிக் ஆய்வு, 10 ஐரோப்பிய நாடுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தது. நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாக வந்தது. சரி, ஆனால் தவிடு நீக்காத ரொட்டியைத் தேடிச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் சிகரெட்டையும் தொடமாட்டார், தினமும் நடக்கவும் செய்வார். எது காப்பாற்றியது? கணக்குப் போட்டு ஓரளவு பிரிக்கலாம், முழுதாக முடியாது.

பரிசோதித்தே பார்த்தார்கள். அமெரிக்காவில் நடந்த இரண்டு சோதனைகளின் முடிவு 2000 ஏப்ரலில் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்தது. பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டி) அகற்றப்பட்ட 2,079 பேரில் ஒரு பாதிக்குக் கொழுப்புக் குறைந்த, நார்ச்சத்தும் காய்கனியும் மிகுந்த உணவு, 4 ஆண்டுகள். இன்னொன்றில் 1,429 பேர், கோதுமைத் தவிடு. இரண்டிலும் புதுப் பாலிப் முளைப்பது குறையவில்லை. அதனால் நார்ச்சத்து வீண் என்றும் சொல்லிவிட முடியாது: பாலிப் புற்றாக மாறப் பத்து ஆண்டுக்கு மேல்கூட ஆகும், சோதனைகள் பார்த்தது பாலிப்பை மட்டும். முழுதானியம் ‘அநேகமாக’ அபாயத்தைக் குறைக்கிறது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018இல் சொன்னது. அந்த ‘அநேகமாக’ உங்கள் தலைப்புக்கு வந்து சேர்வதற்குள் காணாமல் போகிறது.

பயமுறுத்தலிலும் இதே கதைதான். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. உடனே ‘சாசேஜ் சிகரெட்டுக்குச் சமம்’ என்று எழுதினார்கள். அந்தப் பிரிவு ஆதாரத்தின் உறுதியைத்தான் சொல்கிறது, ஆபத்தின் அளவை அல்ல. தினம் 50 கிராமுக்கு 18 சதவீதம் கூடுதல் அபாயம் என்றால், நூற்றில் 5 பேருக்கு வரும் இடத்தில் ஏறத்தாழ 6 பேர்.

நான் கேட்பது கொஞ்சம்தான். ஆய்வு புற்றைப் பார்த்ததா, பாலிப்பையா, எலியையா என்று ஒரு வரி. பின்தொடர்ந்தார்களா, சோதித்தார்களா என்று ஒரு வரி. அப்புறம் கட்டம் கட்டி இதையும் போடுங்கள்: மலத்தில் ரத்தம் வந்தால், என்ன சாப்பிடுகிறவராக இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். கேழ்வரகுப் படத்தைச் சற்றுச் சின்னதாக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்தை இன்னும் படிக்கிற ஒரு தம்பி