ஸ்டெல்லாவுக்கு, சுறாவின் வாயைக் கட்டியவர் பற்றி

திருநெல்வேலி டவுன்,
ஆடி முதல் வெள்ளி

அன்புள்ள ஸ்டெல்லா,

கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறவளை எப்படியெல்லாம் திட்டலாம் என்று யோசித்து வைத்திருப்பாய். மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன், நேரில் வை. இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் வரி விளம்பரம்கூட விடுவதில்லை. சின்னவளுக்கு பெங்களூரில் அதே வேலை, அதே புலம்பல். அத்தைக்குக் காது போய்விட்டது, வாய் போகவில்லை. பத்மா மகளுக்கு ஒருவழியாகத் தகைந்துவிட்டது, பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

இனி சண்டை. போனில் என்ன கேட்டாய்? “அறுபது தாண்டியாச்சு, இன்னுமா காதல் கதை படிக்கே?” பின்னால் ஜோசப் அண்ணன் சிரித்ததும் கேட்டது. அன்றைக்கு வீட்டில் ஆள் இருந்ததால் பேசாமல் வைத்துவிட்டேன். இன்றைக்கு இவர் தென்காசி போயிருக்கிறார், அத்தை தூங்குகிறாள், பேனாவில் மை இருக்கிறது. கேள்.

நான் படிப்பது காதல் கதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பிரபு வேண்டாம், ராஜகுமாரி வேண்டாம், மாளிகையில் நடனமும் வேண்டாம். ஆங்கிலத்தில் சரித்திரக் காதல் கதை என்று அலமாரி அலமாரியாக வருவதில் முக்கால்வாசி அதுதான். பத்தாவது பக்கத்தில் கொட்டாவி வந்துவிடுகிறது. எனக்குத் தொழில் வேண்டும். அதுவும் நாம் கேள்வியேபடாத தொழிலாக இருக்க வேண்டும். சுடரில் கண்ணாடி மணி உருக்குகிறவள், ஓவியனுக்குச் சாயம் அரைத்துக் கொடுக்கிறவள், கடலோரப் பாறையை உடைத்து எலும்பு தேடுகிறவள். இவர்கள் காதலித்தால் ராத்திரி இரண்டு மணி வரை படிப்பேன்.

யோசித்துப் பார்த்தால் ஹாஸ்டலிலேயே எனக்கு இந்த வியாதி இருந்திருக்கிறது. சிவகாமியின் சபதத்தை நீயும் பத்மாவும் தலையணைக்கடியில் வைத்து அழுதீர்களே, மாமல்லன் என்ன செய்வானோ, சிவகாமி என்ன ஆவாளோ என்று. எனக்கு ஆயனர்மேல்தான் கண். அஜந்தாவின் அழியாத வர்ணத்துக்கு என்னதான் ரகசியம் என்று அந்த மனுஷன் பித்துப் பிடித்து அலைந்தாரே, அதற்கு விடை தெரியாமல் நான் தவித்தேன். பொன்னியின் செல்வனிலும் எனக்குக் குந்தவை இல்லை, பூங்குழலிதான். அவள் பாடுவதைவிட ராத்திரியில் தனியாகப் படகு தள்ளிப் போகிறாளே, அது. நீ அப்போதே “உனக்குக் கப்பல் கம்பெனியிலதான் மாப்பிள்ளை பார்க்கணும்” என்றாய். கிடைத்தது மின்வாரியம்.

சரி, அந்தக் கண்ணாடி மணிக்காரிக்கு வருகிறேன். ட்ரேசி செவாலியே எழுதிய ‘தி கிளாஸ்மேக்கர்’ 2024-ல் வந்தது. சின்னவள் வாங்கிக் கொடுத்தாள், அவள் இன்னும் படிக்கவில்லை. வெனிஸ் நகரம் மரமும் நெருக்கமுமாக இருந்ததால் தீக்குப் பயந்து 1291-ல் கண்ணாடிச் சூளைகளை எல்லாம் பக்கத்துத் தீவான முரானோவுக்கு அனுப்பிவிட்டார்கள். தீக்குப் பயந்து என்பது ஒரு காரணம். இன்னொன்று, தொழில் ரகசியம் ஒரே தீவுக்குள் அடைபட்டுக் கிடக்கும். கைதேர்ந்த கண்ணாடிக்காரன் அனுமதியில்லாமல் வெளிநாடு போய்த் தொழில் செய்தால் தண்டனை. ராஜ மரியாதையும் உண்டு, காலில் சங்கிலியும் உண்டு. அங்கே ஒருத்தன் ஒருத்தியை நேசித்துவிட்டு ஊரை விட்டுப் போனான் என்றால் அது வெறும் பிரிவு இல்லையடி, ராஜத் துரோகம். ஒரு சட்டத்தைச் சொன்னதும் காதலுக்கு எவ்வளவு கனம் வந்துவிட்டது பார். நம் ஆட்கள் இதற்கு இரண்டு மாமன்களையும் நான்கு அரிவாளையும் கொண்டு வந்திருப்பார்கள்.

பெண்களைச் சூளை அருகே விடுவதில்லை. அதனால் கதாநாயகி வீட்டு மூலையில் உட்கார்ந்து, கொழுப்பு விளக்கின் சுடரைக் காலால் துருத்தி மிதித்துச் சீற வைத்து, அதில் கண்ணாடிக் குச்சியைக் காட்டி மணி உருட்டக் கற்றுக்கொள்கிறாள். கற்கிற பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். சூடு கூடினால் வழியும், குறைந்தால் விரிசல் விடும்; ஆறவிடுகிற பொறுமை இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக வெடித்துவிடும். கதை 1486-ல் தொடங்கி நம் கொரோனா காலம் வரை வருகிறது; ஊருக்கு ஐந்நூறு வருஷம் ஓட, அவளுக்கு ஒரு ஆயுசுதான். எப்படி என்று கேட்காதே, படித்துக்கொள்.

இதில் நிஜ மனுஷி ஒருத்தியும் வருகிறாள், மரியா பரோவியர். பெயர்பெற்ற கண்ணாடிக் குடும்பத்துப் பெண். வெள்ளை, நீலம், சிவப்பு என்று அடுக்கடுக்காக வைத்து, வெட்டினால் உள்ளே நட்சத்திரம் தெரிகிற ‘ரொசெட்டா’ மணி அவள் பெயரில்தான் நிற்கிறது. சின்னதாகச் சொந்தச் சூளை வைத்துக்கொள்ள 1487-ல் அனுமதி வாங்கினாள். அந்த ஊரில், அந்தக் காலத்தில்! இந்த மணிகளைக் கோக்கவே தனியாகப் பெண்கள் உண்டாம். மடியில் மரத்தட்டு நிறைய மணி, கையில் விசிறிபோல நீள நீள ஊசிகள். அந்த விசிறியை மணிக்குள் விட்டு அளைந்தால் ஊசிகளில் தானாக ஏறிக்கொள்ளும். வாசலில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டே நாள் முழுக்க. நம்ம சங்கரன்கோவில் பூக்கடை ஆச்சிகள்தான், ஊர்தான் வேறு.

இப்போது உன் கேள்விக்கு நேராக வருகிறேன். இதே செவாலியே 1999-ல் எழுதிய ‘கேர்ள் வித் எ பேர்ல் இயரிங்’ உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் கொடுத்தாய். தொடக்கத்திலேயே அந்த வேலைக்காரப் பெண் சமையலறையில் காய்கறியை நறுக்கி நிறம் பார்த்து வட்டமாக அடுக்கி வைத்திருப்பாள். ஓவியர் வெர்மீர் வந்து, ஏன் இப்படி அடுக்கினாய் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விதான். அவள் கண்ணழகு பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை; அவள் கை செய்த காரியத்தைப் பார்த்துவிட்டார். பிறகு மச்சில் உட்கார்த்தி வைத்துச் சாயம் அரைக்கச் சொல்லிக் கொடுக்கிறார். அந்தக் கதையில் தொடுகை என்று ஒன்றுமே பெரிதாக நடக்காது, ஆனால் அம்மி ஓட ஓட எனக்கு மூச்சு முட்டியது.

ஸ்டெல்லா, இதைச் சிரிக்காமல் படி. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தேன். நகைக்கடன் மேசையில் மட்டும் எத்தனை காலம்! ஒரு வளையலைக் கையில் வாங்கிய உடனே உள்ளே அரக்கு இருக்கிறதா என்று கனத்தை வைத்தே சொல்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. எங்கள் மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், நான் முன்பே சொன்னது சரியா என்று. இவருக்கு இது தெரியாது. மாசச் சம்பளம் தெரியும், ஏழு மணிக்கு வருவேன் என்று தெரியும். நானும் யோக்கியம் இல்லை. இவர் மழை ராத்திரியில் சப் ஸ்டேஷனில் என்ன செய்தார், எதற்கு அப்படி நடுங்கிக்கொண்டு வந்து படுத்தார் என்று ஒருநாள் உட்கார்ந்து கேட்டதில்லை. நல்ல மனுஷர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒருத்தர் வேலை செய்வதை இன்னொருத்தர் பார்க்காமலே ஒரு தாம்பத்யம் முழுசாக நடந்து முடிந்துவிடுகிறது. அந்தக் கதைகளில் அப்படி நடப்பதில்லை. அதனால்தான் படிக்கிறேன். இனி அண்ணனைச் சிரிக்கச் சொல்.

உறுத்தலும் இல்லாமல் இல்லை. அந்த அழகான வெனிஸ் மணிகள் ஆப்பிரிக்காவில் மனுஷர்களை அடிமையாக விலைக்கு வாங்கவும் கை மாறியிருக்கின்றன. மேரி ஆனிங்கைப் பார். இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ் கடற்கரையில், மண்சரிவுக்குப் பயப்படாமல் பாறையைத் தோண்டி, 1823-ல் பிளீசியோசர் என்கிற ஆதிகாலக் கடல் பிராணியின் முழு எலும்புக்கூட்டையே வெளியே எடுத்தவள். அவள் எடுத்ததை வாங்கிப் பேர் வாங்கினவர்கள் கனவான்கள். லண்டன் புவியியல் சங்கத்தில் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919-ல்தான். அவள் செத்தது 1847-ல். அவளுக்குக் காதல் இருந்ததாக ஒரு சான்றும் கிடையாது, ஆனால் 2020-ல் வந்த ஒரு சினிமாவில் அவள் தலையில் ஒரு காதலைக் கட்டிவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எலும்பு எடுத்தது போதாதா? அவள் தோழி எலிசபெத் பில்பாட் என்ன செய்தாள் தெரியுமா, கணவாய் மாதிரி ஒரு உயிரின் புதைபடிவத்தில் உறைந்து கிடந்த மையைத் தண்ணீரில் கரைத்து, அதைத் தொட்டே இக்தியோசர் என்கிற இன்னொரு ஆதிகாலக் கடல் பிராணியின் தலையை வரைந்தாள். இந்த ஒரு காரியத்துக்கு ஈடாக எந்த முத்தக் காட்சியை வைப்பாய்? கற்பனை ஆளுக்குக் காதலைக் கொடு, நிஜ மனுஷியின் தொழிலை அவளிடமே விட்டுவிடு. இது என் கட்சி.

முத்தம் என்றதும் முத்து. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1863-ல் பாரிஸில் பிசே என்கிற இளைஞன் முத்துக்குளிப்பவர்களை வைத்து ஒரு ஆபெரா, அதாவது பாட்டு நாடகம், போட்டான். கதை நடப்பது இலங்கைக் கரையில். முதலில் மெக்ஸிகோ என்று வைத்திருந்தார்களாம், பிறகு இலங்கை என்று மாற்றினார்கள். அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். அதில் கடலுக்குப் போனவர்களைக் காக்கப் பாறைமேல் நின்று பாடுகிற ஒரு பெண் பூசாரி, அவள்மேல் ஆசைப்பட இரண்டு ஆண்கள். ஊர் பேர் தெரியாத பிரெஞ்சுக்காரனுக்கு நம் மன்னார் வளைகுடா காதல் கதைக்கு ஆகும் என்று தோன்றியிருக்கிறது. கொற்கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிற நமக்கு இன்னும் பாண்டிய இளவரசிதான்.

நிஜம் அதைவிட நல்ல கதையடி. மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: சுறாவுக்கு வாய்க்கட்டு போட மந்திரக்காரர்களை அழைத்துப் போவார்கள், கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. கட்டு பகலுக்கு மட்டும்தான். ராத்திரி அதை அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுத்தனமாக யாரும் குளித்துவிடக் கூடாதென்று. வெள்ளைக்காரன் காலத்துச் சலாபத்திலும், அதான் முத்துக்குளிப்பிலும், கடல்கட்டி என்று பரம்பரையாக அந்த ஆள் உண்டு. அந்த வேலையில் இருந்த ஒருவர் உங்கள் வேதக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை சுறாவுக்கு மந்திரம்!

அவருக்கு ஒரு மகள் இருந்தால்? கட்டவும் அவிழ்க்கவும் அப்பா அவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால்? அவிழ்த்த ராத்திரியில் ஒருத்தன் தண்ணீரில் இருந்தால்? இடுப்பில் கயிறு, காலடியில் கல், உள்ளே ஒரு நிமிஷ மூச்சு. கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான், தங்கச்சி தாலிக்காகவாவது விடமாட்டான் என்று உங்கள் பக்கம் சொல்வார்களே. கரையிலே குவித்த சிப்பி அழுகி நாறும், ஈ மொய்க்கும், அதற்குப் பிறகுதான் முத்து. இலங்கைச் சலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, உயிரைக் கொடுத்துக் குளித்தவனுக்கு ஒரு பங்கு. 1906-ல் லண்டன் கம்பெனிக்குக் குத்தகை விட்டார்கள்; 1907-க்குப் பிறகு வருஷக்கணக்கில் சலாபமே இல்லை. நாற்றம், கணக்கு, மோசடி எல்லாம் கதையில் இருக்க வேண்டும். முத்தை மட்டும் பொறுக்கி எழுதினால் நான் படிக்க மாட்டேன்.

நீதான் எழுத வேண்டும். நம் கையெழுத்துப் பத்திரிகையில் ‘கருவாட்டு இளவரசி’ எழுதி வார்டனையே சிரிக்க வைத்தவள் நீ. கல்யாணம், பிள்ளைகள், அண்ணன் மாற்றல் என்று நிறுத்தினாய், கேட்டேனா? இப்போது கேட்கிறேன். தூத்துக்குடியில் 1955-லிருந்து 1961 வரை சலாபம் நடந்தது. உங்கள் பெரியம்மாவுக்கு அப்போது கல்யாண வயசு, பார்த்திருப்பார்கள். பனிமய மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போவாய் இல்லையா, சப்பரம் முடிந்த மறுநாள் கிளம்பிவிடாதே. இரண்டு நாள் பெரியம்மா பக்கத்தில் உட்கார். கயிறு எவ்வளவு தடிமன், சிப்பியை எங்கே குவித்தார்கள், பெண்களைக் கரைக்கு விட்டார்களா, எல்லாம் கேட்டு நோட்டில் எழுது. போனில் பதிவு செய்தால் நீ திரும்பக் கேட்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

முதல் அத்தியாயத்தைப் பத்மா வீட்டுக் கல்யாணத்துக்குக் கொண்டு வா. வரும்போது மக்ரூனும் வேண்டும், அரைக் கிலோ என்று கஞ்சத்தனம் பண்ணாதே.

அண்ணனுக்கு வணக்கம், பேரனுக்கு முத்தம்.

உன்,
கோமதி

பி.கு: கதாநாயகனுக்கு ஜெரால்டு என்று பெயர் வைத்தாயானால் முதல் பக்கத்திலேயே கிழித்துப் போட்டுவிடுவேன். பத்மாவும் அதையேதான் சொன்னாள்.