"வாங்க வேண்டாம்" என்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

1971 ஷெவர்லே மாலிபு கார் ஒன்றின், பிரித்துப் புதுப்பித்த 350 வி8 இன்ஜின் (350 கன அங்குலம், எட்டு சிலிண்டர்) மறுபடி வண்டிக்குள் ஏறிவிட்டது. சூடான பிறகும் ஆயில் பிரஷர் இறங்காமல் ஓடுகிறது. நாங்கள் நால்வரும் சேர்ந்து வைத்த செலவு வரம்பு 2,500 டாலர். அதைத் தாண்டவிடாமல் காத்தது, ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் "அதை வாங்காதீங்க, முதல்ல அளங்க" என்று கையைப் பிடித்ததுதான். அவர்களுக்குத்தான் இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால், செய்த உதவியை மட்டும் எழுதுகிறோம். மிச்சிகனில் கார்த் தொழிலில் இருக்கும் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்து இதே இன்ஜினைப் பிரிப்பவருக்கு இது பயன்படட்டும் என்று அளவுகளையும் விடாமல் சேர்த்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் அங்குலத்தில். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

முதலில், "எஸ்எஸ் இல்லாத மாலிபு மசில் காரா?" என்று கேட்டவர்களுக்கும் நன்றி. மசில் கார் என்றால் பெரிய இன்ஜின் போட்ட வேக வண்டி; எஸ்எஸ் என்றால் அதற்கான சூப்பர் ஸ்போர்ட் பேக்கேஜ். 1971-ல் எஸ்எஸ் பேக்கேஜையே 350 இன்ஜினோடும் விற்றார்கள். வாக்குவாதம் அதோடு முடிந்தது.

எந்த இன்ஜின் என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தந்த ஜங்க்யார்டு நண்பருக்கு அடுத்த நன்றி. பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள இரும்பு உடல்) பின்பக்கம், டிரைவர் பக்கத்தில், பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் பக்க உறை) சேரும் விளிம்பின் மேல் வார்ப்பு எண் இருக்கும். எங்களுடையது 3970010. அது 350-தான், 4.000 போர் (சிலிண்டர் விட்டம்), 3.48 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). ஆனால் மெயின் கேப்புக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைப் பிடிக்கும் மூடி) இரண்டு போல்ட்டா நான்கா என்பதை இந்த எண் சொல்லாது; ஆயில் பேனைக் கழற்றினால்தான் தெரியும். எங்களுக்கு இரண்டு. நான்கு போல்ட் பிளாக் தேடி அலையப் போனவர்களை அவர் நிறுத்தினார். தெருவில் ஓட்டும் 300 சொச்சம் குதிரைத்திறனுக்கு இரண்டு போல்ட் தாராளம். நான்கு போல்ட் என்ற பேருக்காகக் கொடுக்கும் காசில் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) வேலை முழுவதையும் முடித்துவிடலாம்.

மைக்ரோமீட்டர் பெட்டியையும் டயல் போர் கேஜையும் இரண்டு வாரம் இரவல் தந்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கருவியைத் தந்ததோடு அவர் விடவில்லை. எட்டு சிலிண்டரையும் மேல், நடு, அடி என மூன்று உயரத்திலும், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்து எழுதவைத்தார். ஆக 48 எண்கள். மேலுக்கும் அடிக்கும் வித்தியாசம் 5 தௌவுக்குள் இருந்திருந்தால் ஹோன் போட்டு (உள்சுவரைத் தேய்த்து), புது பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றிச் சமாளித்திருக்கலாம். இரண்டு சிலிண்டரில் 8 தௌ வந்தது. அப்படிப்பட்ட போரில் ரிங் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் விரிந்து சுருங்கும். சில மாதத்தில் நீலப் புகை. ஆகவே 30 தௌ ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) கட்டாயமானது. 350, 355 கன அங்குலமாக ஆனது அப்படித்தான்.

கிராங்கில் நடந்தது நேர்மாறு. கிரைண்டிங் கொடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் இருந்தோம். அக்கா பழைய பேரிங் ஓடுகளைத் திருப்பி முதுகைப் பார்க்கச் சொன்னார். ஓட்டின் முதுகில் அளவு பொறித்திருக்கும். 010 என்றிருந்தால் ஏற்கெனவே ஒருமுறை கிரைண்ட் செய்த கிராங்க். எங்களுடையதில் ஸ்டாண்டர்டு என்றே இருந்தது. மெயின் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) 2.45, ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது) ஜர்னல் 2.10, வட்டம் கெட்டது அரை தௌவுக்கும் குறைவு. பாலிஷ் போதும் என்றார். பேரிங் இடைவெளிக்கு ஜர்னல் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பழைய கணக்கு. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் இழை) வைத்துப் பார்த்ததில் மெயினும் ராடும் 2 முதல் 2.5 தௌவுக்குள் வந்தன. பிளாஸ்டிகேஜ் வைத்திருக்கும்போது கிராங்கைத் திருப்பக்கூடாது, திருப்பினால் இழை நசுங்கிப் பொய்க்கணக்கு காட்டும். (எங்களில் ஒருவர் திருப்பினார்.)

மெஷின் ஷாப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு நேரிலேயே சொல்லியாயிற்று. ஆனாலும் அவர் செய்யாமல் விட்ட வேலை ஒன்றை இங்கே எழுதாமல் போகக்கூடாது. டெக்கை (ஹெட் உட்காரும் பிளாக்கின் மேல்முகம்) சீவித் தரக் கேட்டோம். நேர்விளிம்பு வைத்துப் பார்த்துவிட்டு, 3 தௌவுக்குள் சமமாக இருக்கிறது, சீவ மாட்டேன் என்று மறுத்துவிட்டார். பயணி பக்கத்து ஹெட்டுக்கு முன்னால் டெக்கிலேயே உள்ள சிறு திட்டில்தான் இன்ஜின் முத்திரை எண் குத்தியிருக்கிறது. சீவினால் அது போகும். பழைய வண்டிக்கு அந்த எண் போனால் மதிப்பும் போகும். வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன சொல் அது. கொதிதொட்டியில் பிளாக்கைக் கழுவுவது, விரிசல் சோதனை, ரீபோர், ஐந்து கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பேரிங், பித்தளை ஃப்ரீஸ் பிளக் (தண்ணீர் அறைத் துளை மூடி), ராடைச் சூடாக்கி பிஸ்டன் பின் ஏற்றுவது ஆகியவை அவர் கைவேலை. எங்கள் செலவில் ஏறக்குறைய பாதி அங்கேதான் போனது. அங்கே மிச்சம் பிடிக்கவும் கூடாது.

பிஸ்டன் விஷயத்தில் காப்பாற்றியவர் ஆட்டோ பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் நிற்பவர். மலிவான பிஸ்டன் பெட்டியைக் கையில் எடுத்தபோது பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரத்தைப் பார்க்கச் சொன்னார். அதில் 1.540 என்றிருந்தது. கம்பெனி அளவு 1.560. டெக்கைச் சீவிய பிளாக்குகளுக்கு ஈடுகட்ட 20 தௌ குட்டையாகச் செய்த பிஸ்டன் அது. கணக்கு இப்படி: ஸ்ட்ரோக்கில் பாதி 1.74, ராடு 5.7, பிஸ்டன் 1.56, கூட்டினால் 9.00. பிளாக்கின் டெக் உயரம் 9.025. ஆக சரியான பிஸ்டன் 25 தௌ கீழே நிற்கும், குட்டை பிஸ்டன் 45 தௌ கீழே நிற்கும். சீவாத டெக்கில் அதைப் போட்டால் கம்ப்ரஷன் (கலவையை அழுத்தும் விகிதம்) இறங்குவதோடு, ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கலவை கலங்காமல் தேங்கி நாக்கிங்குக்கும் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வழி. விலை வித்தியாசம் அற்பம்.

ஹெட் விஷயம்தான் இந்த வேலையில் பெரிய லாபம். 1971-ன் ஹெட்டில் எரியறை 76 சி.சி. அதை வைத்து, தட்டைத் தலை பிஸ்டனும் 39 தௌ கேஸ்கெட்டும் போட்டால் கம்ப்ரஷன் 8.7 அளவில்தான் நிற்கும். மேற்படி ஜங்க்யார்டு நண்பர் 1996 முதல் 5.7 லிட்டர் ஜி.எம். டிரக், வேன்களில் வந்த வோர்டெக் ஹெட்டைக் காட்டினார். வார்ப்பு எண் 906 அல்லது 062 என முடியும். எரியறை 64 சி.சி. அதே பிஸ்டனோடு கம்ப்ரஷன் 9.8. பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டும். ஆனால் ஹெட்டை மட்டும் வாங்கிவந்து உட்காரக்கூடாது என்றும் அவரே எச்சரித்தார். பழைய இன்டேக் மேனிபோல்டு (கலவையை ஹெட்டுக்குக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) சேராது, போல்ட் அமைப்பு வேறு. வோர்டெக்குக்கென்றே உள்ள கார்புரேட்டர் மேனிபோல்டு வேண்டும். வால்வு கவர் நடுவில் போல்ட் போடும் வகை. ராக்கர் (வால்வை அழுத்தும் கை) தானே நேராக நிற்கும் வகை. அதோடு கைடு பிளேட் (தள்ளுதண்டை நேராக நிறுத்தும் தகடு) சேர்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். எக்ஸாஸ்ட் சூடு மேனிபோல்டுக்கு வரும் வழி இந்த ஹெட்டில் கிடையாது, எனவே பழைய சூட்டுச் சுருள் சோக் (குளிரில் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைப்பது) வேலை செய்யாது, எலக்ட்ரிக் சோக் மாற்ற வேண்டும். கேம் லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) 0.450-க்குள் இருந்தால் தொல்லையில்லை, 0.470 தாண்டினால் ரீட்டெய்னர் (வால்வு ஸ்பிரிங்கின் மேல்தட்டு) வால்வு சீலில் போய் முட்டும். சூடேறி நின்றுபோன டிரக்கிலிருந்து எடுத்த ஹெட்டில் எக்ஸாஸ்ட் சீட்டை ஒட்டி விரிசல் விழுந்திருக்கும். காசு கொடுக்குமுன் சோதனை, அல்லது விரிசல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

கோர்க்கும் வேலையில் கூடவே நின்ற அண்ணனுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், இருந்தாலும் சொல்கிறோம். ஹோன் போட்டு வந்த சிலிண்டரைப் பெட்ரோலில் துடைக்கப் போனவர்களைத் தடுத்து, சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் வைத்து பிரஷ் போட்டுத் தேய்க்கவைத்தார். பெட்ரோல் துகளை ஹோன் வரிக்குள் தள்ளிவிடும்; சோப்புதான் தூக்கி எடுக்கும். பிறகு ஆயில் தொட்ட வெள்ளைத்துணியால் துடைத்து, துணி சாம்பல்நிறம் ஆகாமல் வரும்வரை விடவில்லை. மேல் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவில் இடைவெளி போருக்கு அங்குலத்துக்கு 4 தௌ என்று 16 தௌ. ரிங்கை அரம் போடும்போது வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி மட்டும், இல்லையேல் பூச்சு உதிரும். பிஸ்டனை இறக்குமுன் ராடு போல்ட்டுக்கு ரப்பர் குழாய்த் துண்டு மாட்டவேண்டும். பாலிஷ் போட்ட ஜர்னலில் போல்ட் முனை ஒரு கீறல் போட்டால் மொத்த உழைப்பும் வீண். மெயின் போல்ட் 70 அடி-பவுண்டு, ஹெட் போல்ட் மூன்று தவணையில் 65. ஹெட் போல்ட் எல்லாம் நேரே தண்ணீர் அறைக்குள் இறங்குகிறவை. மரையில் சீலர் தடவாவிட்டால் கூலன்ட் மரை வழியே ஏறிவரும்.

பின்பக்க மெயின் கேப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிறு பிளக்கை அவர் கேட்காமல் இருந்திருந்தால் நாங்கள் மறந்தே போயிருப்போம். கொதிதொட்டிக்கு முன் அதையும் கழற்றுவார்கள். திரும்பப் போடாவிட்டால் இன்ஜின் ஓடும், பிரஷரும் காட்டும். ஆனால் ஆயில் ஃபில்டருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். 1986-க்கு முந்தைய இந்த பிளாக்கில் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டு. உதடு முன்பக்கம் பார்க்க வேண்டும், இரு முனைகளும் கேப் சேருமிடத்திலிருந்து சற்று விலகி நிற்க வேண்டும். ஆயில் பம்ப் சாதாரண வகையே போதும் என்று அதிக அளவு பம்புக்கும் "வேண்டாம்" சொன்னார். ஆயில் உறிஞ்சும் பிக்அப் குழாயை பம்பில் ஒரு புள்ளி வெல்டிங் வைத்து, பேனின் அடிக்கும் அதற்கும் 3/8 அங்குலம் விட்டோம். வெல்டிங்குக்கு முன் பம்பின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட வேண்டும், சூட்டில் அதன் விறைப்பு போய்விடும்.

தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டு ஒரு நாள் அலைச்சலை மிச்சமாக்கிய தம்பிக்கும் நன்றி. டைமிங் செயினில் இரண்டு கியரின் புள்ளியும் எதிரெதிரே நிற்கும்போது தீப்பொறிக்குத் தயாராக இருப்பது 6-ம் சிலிண்டர், 1 அல்ல. அந்த நிலையில் டிஸ்ட்ரிபியூட்டரை (தீப்பொறியைப் பங்கிடுவது) 1-க்குப் பொருத்தினால் 180 டிகிரி தவறி, கார்புரேட்டர் வழியே வெடிக்கும். கிராங்கை ஒரு முழுச் சுற்று திருப்பிவிட்டுப் பொருத்த வேண்டும். தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிபவை. அவற்றின் வயர்களை ஒட்டி ஓடவிடக்கூடாது.

கடைசியாக, பக்கத்து வீட்டுக்காரர்கள். தட்டை டாப்பெட் கேம் (டாப்பெட்டின் தட்டை முகம் கேமில் உரசும் வகை) என்பதால், முதல் முறை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில் ஏற்றி இறக்கி 25 நிமிடம் ஓட்டியே ஆகவேண்டும். ஐடிலில் கேமுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது. லோப் (கேமின் மேடு) தேய்ந்து உருண்டையாகிவிடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சத்தம். அதற்குமுன் செய்தவை: ஒவ்வொரு லோபிலும் மாலிப்டினம் பசை, துத்தநாகம் கூடுதலாக உள்ள பிரேக்-இன் ஆயில், டிரில்லில் பிரைமிங் தண்டு மாட்டி எல்லா ராக்கரிலும் ஆயில் வழியும்வரை பம்பைச் சுற்றியது, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிரப்பியது. செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பசை வழித்துப் போய்விடும். இரண்டாம் முறையே பிடித்துக்கொண்டது. ஓட்டி முடித்து ஆயிலை மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம். மடிப்புக்குள் மினுக்கம் எதுவும் இல்லை.

அக்காவின் மைக்ரோமீட்டர் பெட்டி துடைத்துத் திரும்பிப் போய்விட்டது. கடையில் பணம் கட்டி எடுத்த பேலன்சர் புல்லரும் ரிங் கம்ப்ரஸரும் திருப்பிக் கொடுத்தாயிற்று, கட்டிய பணம் முழுதும் கைக்கு வந்தது. பிரைமிங் தண்டும், 76 சி.சி. பழைய ஹெட் இரண்டும் எங்கள் கராஜில் இருக்கின்றன. தண்டு இரவலுக்கு. ஹெட் வேண்டுவோர் சும்மா எடுத்துப் போகலாம், இரண்டு பேராக வந்தால் நல்லது. வார்ப்பிரும்பு, கனம் அதிகம்.

இப்படிக்கு,
மிச்சிகனிலிருந்து நண்பர்கள் நால்வர்