ஏஐ திட்டச் செலவில் ஊழியரின் நேரமும் ஏறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவுக்கு மாறுவது பற்றிய பேச்சில் 'மனிதருக்கே முதலிடம்' என்ற வாசகம் தவறாமல் வருகிறது. அந்த மாற்றத்தை நடத்திக் கொடுக்க வரும் ஆலோசனை நிறுவனங்களின் முன்மொழிவிலும் அது முதல் பக்கத்திலேயே இருக்கும். அதோடு இணைத்திருக்கும் செலவுப் பட்டியலையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். மென்பொருள் உரிமம், தரவு இணைப்பு, ஆலோசகர் கட்டணம் எல்லாம் வரிவரியாக இருக்கும். ஊழியர்கள் புதிய கருவியைக் கற்றுக்கொள்ள ஆகும் நேரமும், அந்த நேரத்தில் அவர்களுடைய அன்றாட வேலையை யார் பார்ப்பார்கள் என்பதும் பெரும்பாலும் எந்த வரியிலும் இருக்காது. தலைமை யாருக்கு முதலிடம் கொடுத்திருக்கிறது என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

ஒரு கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1,000 இன்வாய்ஸ் (சப்ளையர்கள் அனுப்பும் பில்), ஒன்றுக்குச் சராசரி 3 நிமிடம் என்றால் மொத்தம் 50 மணி நேர வேலை. 95 சதவீதத்தை ஏஐ தானே முடித்துவிடும், மிஞ்சும் 50 இன்வாய்ஸுக்கு இரண்டரை மணி நேரம் போதும் என்று திட்ட அறிக்கை சொல்லும். ஆட்குறைப்பு எண்ணிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் அந்த 3 நிமிடம் சுலபமானதையும் சிக்கலானதையும் கலந்து எடுத்த சராசரி. ஏஐ சுலபமானவற்றை எடுத்துக்கொண்டு சிக்கலானவற்றை மனிதரிடம் தள்ளிவிடும். ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம் பிடித்தால் 10 மணி நேரம். ஏஐ முடித்தவற்றில் பத்தில் ஒன்றை எடுத்து 2 நிமிடம் சரிபார்த்தால் மேலும் 3 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆக, தேவை சுமார் 13 மணி நேரம். 50 மணி 13 ஆவதே பெரிய சேமிப்புதான். அதை இரண்டரை என்று எழுதி ஆளைக் குறைத்தால் கோப்புகள் தேங்கும், சரிபார்ப்பு பெயரளவுக்கு நடக்கும், பிழைகள் சப்ளையர் வரை போகும். நாள் முழுக்கச் சிக்கலை மட்டுமே பார்ப்பவரின் களைப்பை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை. தானியங்கி முறை சுலபமானதை எடுத்துக்கொள்ள, கடினமானது மட்டும் மனிதரிடம் தங்கும் என்றும், பழக்கம் விட்டுப்போவதால் அவசரத்தில் தலையிடும் திறனும் மங்கும் என்றும் உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-லேயே எழுதிவிட்டார்.

அந்த 50-ல் ஒன்றை அருகில் போய்ப் பாருங்கள். பர்சேஸ் ஆர்டரில் 10 பெட்டி, கிடங்கின் வரவுச் சீட்டில் 9, இன்வாய்ஸில் 10. பொருந்தவில்லை என்று கருவி நிறுத்திவிடும். அந்த மேசையில் பல காலம் இருப்பவருக்கு, இந்தச் சப்ளையர் விடுபட்ட பெட்டியை அடுத்த லோடில் சேர்த்து அனுப்புவார் என்று தெரியும். கிடங்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு, 9 பெட்டிக்குப் பணத்தை விடுவித்து ஒன்றை நிறுத்திவைப்பார். எந்த நடைமுறைக் கையேட்டிலும் இது இல்லை. கையேட்டையும் மேலாளர் சொன்னதையும் மட்டும் வைத்து ஆலோசகர் வேலைமுறை வரைபடம் போட்டால் இந்த அறிவு அதில் ஏறாது. பிறகு தேக்கம் கூடியதும், 'ஏற்கத்தக்க வேறுபாட்டை 10 சதவீதமாக்குங்கள்' என்று உத்தரவு வரும். தேக்கம் குறையும். வராத பெட்டிக்கும் சேர்த்துப் பணம் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, மாதக் கடைசி நெருக்கடியும் உட்படுமாறு இரண்டு வாரமாவது ஆலோசகர்கள் வேலை செய்பவரின் பக்கத்தில் உட்கார வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட, தகராறான இன்வாய்ஸ்களில் 40 அல்லது 50 எடுத்து, ஒவ்வொன்றிலும் அவர் முதலில் எதைப் பார்த்தார், யாரைக் கேட்டார், ஏன் அப்படி முடித்தார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். விற்பனையாளர்கள் கொண்டுவரும் கருவிகளுக்கு அதுவே தேர்வுத்தாள், திருத்துபவர்களும் அந்த ஊழியர்களே. இதற்கு ஆகும் நேரம் திட்டச் செலவில் ஏற வேண்டும், வழக்கமான வேலைக்கு மேல் சுமத்தக் கூடாது.

இதை நல்ல மனசுக்காகச் செய்யும் சலுகையாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஹார்வுட் ஆடைத் தொழிற்சாலையில் லெஸ்டர் காக், ஜான் ஃபிரெஞ்சு இருவரும் நடத்திய சோதனையின் முடிவுகள் 1948-ல் வெளியாயின. வேலைமுறை மாற்றத்தை அறிவிப்பாக மட்டும் கேட்டுக்கொண்ட குழுவின் உற்பத்தி பழைய அளவுக்குத் திரும்பவில்லை. முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். மாற்றத்தை வகுப்பதில் பங்கெடுத்த குழுக்கள் விரைவிலேயே தேறிக்கொண்டன, அந்த 40 நாளில் அவற்றிலிருந்து ஒருவரும் விலகவில்லை.

'என் வேலை இருக்குமா?' என்ற கேள்விக்குச் சோதனை ஓட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் பதில் வேண்டும். ஆட்குறைப்பு உண்டென்றால் எந்தப் பிரிவில், எப்போது, மாற்று வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். முடிவாகவில்லை என்றால், எந்தத் தேதிக்குள் முடிவாகும் என்பதையாவது சொல்லலாம். மறைத்துவைத்தால் கருவியின் பிழைகளைத் திருத்திச் சொல்ல யாரும் முன்வர மாட்டார்கள். தன் இடத்தைப் பறிக்கப்போவதற்குத் தானே ஏன் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்? குழுத் தலைவர்களுக்கு இந்தச் செய்தி ஒரு வாரம் முன்னதாகப் போக வேண்டும். தன் குழுவோடு சேர்ந்து அதே கூட்டத்தில் முதல்முறையாகக் கேட்பவரால் அன்று மாலை எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது.

புதிய முறை நடைமுறைக்கு வந்த முதல் வாரங்களில் வேலை வேகம் குறையத்தான் செய்யும். அந்தக் காலத்துக்கு இலக்கைக் குறைக்காவிட்டால், ஊழியர்கள் கருவியில் லாகின் செய்து வைத்துவிட்டு வேலையைப் பழைய எக்ஸெல்லில் முடிப்பார்கள். டாஷ்போர்டு '90 சதவீதம் பயன்பாடு' என்று காட்டும். லாகின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கருவியின் விடையை ஊழியர் எத்தனை முறை மாற்றினார், அதில் எத்தனை முறை அவர் சொன்னது சரி என்று பாருங்கள். பிழை அறிக்கைகள் தொடக்கத்தில் கூடினால் பதற வேண்டாம். மருத்துவமனைகளில் மருந்து தொடர்பான தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம் என்று கண்டார். அங்கே தவறை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

ஆலோசனை நிறுவனங்கள் தங்கள் வீட்டுக்குள்ளும் இதே நேர்மையைக் காட்ட வேண்டும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்துடன் சேர்ந்து 758 ஆலோசகர்களை வைத்து நடத்திய சோதனை 2023-ல் வெளியானது. ஜிபிடி-4 என்ற ஏஐ திறம்படச் செய்யக்கூடிய வேலைகளில், அதைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக 12.2 சதவீதம் கூடுதல் பணிகளை 25.1 சதவீதம் வேகமாக முடித்தார்கள். அதன் திறனுக்கு அப்பாற்பட்டதாகத் தேர்ந்தெடுத்த ஒரு பணியிலோ, பயன்படுத்தியவர்கள் சரியான விடைக்கு வரும் வாய்ப்பு 19 சதவீதப் புள்ளி குறைந்தது. எந்த வேலை அதன் திறனுக்கு உட்பட்டது, எது அப்பாற்பட்டது என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. அடிபட்டுக் கற்ற மூத்தவருக்குச் சந்தேகம் தட்டும். முதல் வரைவுகளையெல்லாம் ஏஐயிடம் கொடுத்துவிட்டால் இன்றைய இளையவர் அந்த நிலைக்கு எப்படி வருவார்? கருவியைத் திறக்கும் முன் தன் ஊகத்தை அரைப் பக்கம் எழுதட்டும். அறிக்கையில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் மூலத்தைக் குறிக்கட்டும். மூத்தவர் உட்கார்ந்து கேள்வி கேட்கும் நேரத்தைக் கட்டணத்தில் வெளிப்படையாகக் காட்டலாம், வாடிக்கையாளர் அதற்குப் பணம் தர மறுக்க மாட்டார்.

கடைசியாக ஒப்பந்தம். கருவி ஓடத் தொடங்கிய அன்றே முழுக் கட்டணமும் கைக்கு வந்துவிட்டால், ஆலோசகர் குழு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடும். சிக்கல்கள் தலைகாட்டுவது அதன் பிறகுதான். கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஆறு மாதம் நிறுத்திவைத்து, தேங்கிய கோப்பு, திருத்திய பிழை, வேலையை விட்டுப் போனவர்கள் ஆகிய எண்ணிக்கைகளை ஊழியர் பிரதிநிதிகள் முன்னிலையில் பார்த்த பிறகே விடுவிக்கலாம். இந்த நிபந்தனையை வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல், ஆலோசனை நிறுவனத் தலைவர்கள் தாங்களே தங்கள் முன்மொழிவில் எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிறுவன மாற்றத் திட்டங்களில் பணியாற்றும் ஆலோசகர்